நீதிமன்றம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது? அமெரிக்க அரசியலமைப்பைச் செய்திகளோடு சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏபி கவர்ன்மென்ட் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் அமெரிக்க அரசியல்) பாடம் எடுத்திருக்கிறாள். வாரம் ஒரு நடப்புச் செய்தியை எடுத்து, அது அமெரிக்க அரசியலமைப்பின் எந்தப் பகுதியோடு தொடர்புடையது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "நியாயமா அநியாயமா என்று எழுதாதே, சட்டத்தை எழுது" என்று ஆசிரியர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் படித்ததெல்லாம் தமிழ்நாட்டில். எனக்கும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த ஆசிரியர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். பல வருடங்களாக இந்தப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் எழுதியதை வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலான கட்டுரைகளில் ஒரே தவறுதான் இருக்கும். செய்தியின் தலைப்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது போல இருக்கும்; நீதிமன்றத்தின் முன்னால் இருந்ததோ வேறு கேள்வி. பிள்ளை தலைப்பை நம்பி எழுதிவிடும். அதனால் உங்கள் மகள் எந்தச் செய்தியை எடுத்தாலும், எழுதும் முன் ஒரு தாளில் ஒரே வரியில் ஒன்றை எழுதட்டும்: இங்கே முடிவு செய்யப்பட வேண்டிய கேள்வி எது? அந்த வரி சரியாக அமைந்துவிட்டால் மிச்சப் பக்கம் தானாக வரும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. அரசியலமைப்பை அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசியலமைப்பின் தடிமனை நினைத்து மலைக்க வேண்டாம். அமெரிக்காவுடையது 27 திருத்தங்களையும் சேர்த்துச் சுமார் 7,500 சொற்கள்தான். ஒரு சாயங்காலத்தில் நீங்களும் மகளும் சேர்ந்து படித்து முடித்துவிடலாம். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகட்டும். பின்னால் செய்தி வரும்போது தேட வேண்டியது அந்தக் காகிதத்தில்தான்.

இனி உதாரணங்களுக்கு வருகிறேன். இதை எழுதுவது 2025 டிசம்பர் நடுவில் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில வழக்குகள் இன்னும் முடியவில்லை. படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு வகையில் நல்லதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இந்த வருடம் அதிகம் பேசப்பட்டதிலிருந்தே தொடங்குவோம்: பிறப்பால் வரும் குடியுரிமை. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். இரண்டு வகைக் குழந்தைகள் இங்கே பிறந்தாலும் குடிமக்கள் ஆகமாட்டார்கள் என்றது அந்த ஆணை. தாய் சட்டவிரோதமாக இங்கே இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லையென்றால் ஒரு வகை. தாய் சட்டப்படியே, ஆனால் தற்காலிகமாக இங்கே இருந்து, தந்தைக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள். ஆணை வந்து 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் என்று அதிலேயே இருந்தது. ஆகவே உங்கள் மகளைப் போல ஏற்கெனவே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை அது தொடவில்லை. அந்த வாரம் எத்தனை பேர் இதைத் தெரியாமல் தூக்கம் கெட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, அரசியலமைப்பு என்ன சொல்கிறது? உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-இல் வந்த 14-ஆவது திருத்தத்தின் முதல் வாக்கியம்: அமெரிக்காவில் பிறந்தவர்களோ குடியுரிமை வழங்கப்பட்டவர்களோ, அதன் ஆட்சி எல்லைக்கு உட்பட்டவர்களாக இருந்தால், அவர்கள் எல்லோரும் குடிமக்கள். இந்த வாக்கியம் ஏன் எழுதப்பட்டது என்பதை மகள் கட்டாயம் சொல்ல வேண்டும். 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வம்சாவளி அடிமைகளின் சந்ததியார் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை அழிக்கத்தான் இந்த வாக்கியம் எழுதப்பட்டது.

முழுச் சண்டையும் அந்த நடுத் துண்டில் இருக்கிறது: "ஆட்சி எல்லைக்கு உட்பட்ட" என்றால் என்ன? இதற்கு முக்கியமான பதில் வந்தது வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரின் வழக்கில். 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பெற்றோர் சீனர்கள். 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. சீனாவுக்குப் போய்விட்டு 1895-இல் திரும்பி வந்தபோது, நீ குடிமகன் இல்லை, இறங்கக் கூடாது என்றார் சுங்க அதிகாரி. தான் பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிய, துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் மாதக்கணக்கில் அவரை வைத்திருந்தார்கள். கரையில் இருந்த நண்பர்களும் சீனச் சங்கத்தாரும் வழக்குத் தொடுத்தார்கள். 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹொரஸ் கிரே எழுதிய தீர்ப்பு விதிவிலக்கு என்று ஏற்றது சிலரைத்தான்: வெளிநாட்டுத் தூதர்களின் குழந்தைகள், வெளிநாட்டு அரசுக் கப்பல்களில் பிறந்தவர்கள், படையெடுத்து வந்து நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் எதிரிகளின் குழந்தைகள், அப்புறம் அன்றைய நிலையில் பழங்குடி அரசுகளைச் சேர்ந்தவர்கள். பழங்குடியினருக்கு 1924-இல் தனிச் சட்டம் மூலம் குடியுரிமை வந்தது.

அரசுத் தரப்பு இப்போது என்ன சொல்கிறது என்பதையும் மகள் நேர்மையாக எழுத வேண்டும். வோங்கின் பெற்றோர் இங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள், தீர்ப்பே அதைக் குறிப்பிடுகிறது. தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். அந்தக் குறிப்பு தீர்ப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் தீர்ப்பின் தர்க்கம் அதன் மேல் நிற்கவில்லை என்பதுதான் என் வாசிப்பு. தற்காலிகமாக வந்தவரும் இங்கே இருக்கும்வரை இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று கிரே விரிவாக எழுதியிருக்கிறார். எச்-1பி-யில் வந்தவர் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் கட்டத்தான் வேண்டும். தூதருக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. 1952-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதே சொற்களைத் திருப்பிச் சொல்கிறது.

இப்போது பிள்ளைகள் வழுக்கி விழும் இடத்துக்கு வருவோம். ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டிலில் நீதிபதி ஜான் கஃபெனவர் அதற்குத் தடை போட்டார். ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர் அவர். நாற்பது வருடத்துக்கு மேல் நீதிபதியாக இருக்கிறேன், இவ்வளவு தெளிவான கேள்வி வந்த இன்னொரு வழக்கு நினைவில்லை என்று விசாரணையில் சொன்னார். வேறு நீதிமன்றங்களும் நாடு முழுவதற்கும் தடை விதித்தன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜூன் 27 அன்று, டிரம்ப் எதிர் காசா வழக்கில், 6-க்கு 3 என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. "குடியுரிமை வழக்கில் டிரம்புக்கு வெற்றி" என்று அன்றைக்கு எங்கும் தலைப்பு. ஒரு மாணவன் எனக்கு அனுப்பிய கட்டுரையின் முதல் வரி, "பிறப்புக் குடியுரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது" என்றிருந்தது.

அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி, ஒரு மாவட்ட நீதிபதி (மத்திய நீதிமன்றங்களின் முதல் படியில் இருப்பவர்) தன் முன்னால் வராத, நாட்டின் வேறு மூலையில் இருக்கும் ஆட்களுக்கும் சேர்த்துத் தடை விதிக்கலாமா என்பது. அந்த அதிகாரத்தை 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அநேகமாகத் தரவில்லை என்று நீதிபதி ஏமி கோனி பாரெட் எழுதினார். ஆணை செல்லுமா செல்லாதா என்பதைத் தொடவே இல்லை. நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டு எழுதிய தீர்ப்பில் சண்டை போடுவதும் இதைப் பற்றித்தான்: உரிமை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதைக் காக்க ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் படியேற வேண்டுமா?

அதன் பிறகு நடந்ததும் முக்கியம். அதே தீர்ப்பு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. ஒரே நிலையில் இருக்கும் எல்லோர் சார்பிலும் ஒருவர் தொடுக்கும் கூட்டு வழக்குக்குத் தடை இல்லை. இரண்டே வாரத்தில், ஜூலை 10 அன்று, நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதி ஜோசப் லாப்லான்ட் பாதிக்கப்படக்கூடிய எல்லாக் குழந்தைகளையும் ஒரு கூட்டமாக ஏற்று ஆணையை நிறுத்தினார். டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. குடியுரிமை வாக்கியத்தின் பொருள் என்ன என்பது இந்த முறைதான் நேராக அவர்கள் முன் வருகிறது. ஆக ஒரே செய்தியில் மகளுக்கு எழுத மூன்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன: 14-ஆவது திருத்தத்தின் பொருள், அதிபரின் ஆணையால் அரசியலமைப்பின் பொருளை மாற்ற முடியுமா என்பது, நீதிமன்றத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது. மூன்றையும் ஒரே பக்கத்தில் குழப்பாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

இதே பழக்கத்துக்கு இன்னொரு சுருக்கமான உதாரணம் உண்டு. 2024 தேர்தலில் டிரம்பின் பெயரை வாக்குச்சீட்டில் போடக் கூடாது என்று கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கிளர்ச்சியில் ஈடுபட்ட முன்னாள் அதிகாரிகள் பதவி வகிக்கக் கூடாது என்கிற, அதே 14-ஆவது திருத்தத்தின் மூன்றாம் பகுதிதான் காரணம். 2024 மார்ச் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒன்பது பேரும் ஒத்து ரத்து செய்தது. கிளர்ச்சி நடந்ததா, அவர் ஈடுபட்டாரா என்பதைப் பற்றி ஒரு முடிவும் சொல்லவில்லை. தேசியப் பதவிகளுக்கு அந்தத் தடையை அமல்படுத்தும் வேலை மாநிலங்களுடையது இல்லை என்பதில்தான் ஒன்பது பேரும் ஒத்துப்போனார்கள்.

அடுத்தது உங்கள் மகளுக்கே நேரக்கூடிய ஒன்று. பென்சில்வேனியாவில் மஹனாய் என்ற ஊர். 2017-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தீர்ப்பில் அவளுக்கு பி.எல். என்றுதான் பெயர், பள்ளியின் மேல்நிலை சியர்லீடிங் (போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும்) அணிக்கு முயன்று, இடம் கிடைக்காமல் இளநிலை அணியில் சேர்க்கப்பட்டாள். சனிக்கிழமை ஊர்க் கடை ஒன்றில் தோழியோடு நின்றுகொண்டு, நடுவிரலைக் காட்டும் ஒரு படத்தை ஸ்னாப்சாட்டில் போட்டாள். பள்ளி, அணி, எல்லாவற்றையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஒரு வரி எழுதினாள். பார்த்தவர்கள் சுமார் 250 நண்பர்கள். ஒரு நாளில் தானாக மறைந்துவிடும் படம் அது. ஆனால் யாரோ ஒருத்தி அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள, பயிற்சியாளர் வரை போய்விட்டது. இளநிலை அணியிலிருந்து ஒரு வருடம் நீக்கினார்கள்.

பேச்சுரிமை என்றால் பிள்ளைகள் உடனே எழுதுவது 1969-ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த அயோவா மாணவர்களின் வழக்கு அது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. பள்ளிவாசலில் மாணவர்கள் தங்கள் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்றது நீதிமன்றம். ஆனால் பாடம் நடப்பதைப் பெரிதாகக் குலைத்தால் பள்ளி தடுக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னது. டிங்கர் நடந்தது பள்ளிக்குள்ளே. பி.எல். இருந்தது வெளியே, விடுமுறை நாளில், சொந்தப் போனில். ஆகக் கேள்வி, கெட்ட வார்த்தை பேசலாமா என்பதே இல்லை. பள்ளியின் கை வாசலுக்கு வெளியே எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான்.

2021 ஜூன் 23 அன்று 8-க்கு 1 என்று அந்தப் பெண் ஜெயித்தாள். நீதிபதி பிரையர் சொன்ன காரணங்களை மகள் தன் வார்த்தையில் எழுதிப் பார்க்கட்டும். பள்ளிக்கு வெளியே பிள்ளைக்குப் பொறுப்பு பெற்றோர், ஆசிரியர் இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் பேசுவது எல்லாவற்றையும் பள்ளியே கட்டுப்படுத்தினால், அந்தப் பிள்ளைக்கு நாள் முழுவதும் பேச இடமே இருக்காது. பலருக்குப் பிடிக்காத கருத்தைக் காப்பதில் பள்ளிக்கே அக்கறை இருக்க வேண்டும்; ஜனநாயகத்தின் நாற்றங்கால் அரசுப் பள்ளிகள்தான் என்றார். இந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே சமயம் "வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் போடலாம்" என்று மகள் முடித்துவிட வேண்டாம். கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருந்தது; உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. சக மாணவரைக் குறிவைத்துக் கடுமையாகத் துன்புறுத்துவது, ஆசிரியரையோ மாணவரையோ மிரட்டுவது போன்றவை வீட்டிலிருந்து வந்தாலும் பள்ளி தலையிட முடியும். இதை வீட்டில் சாப்பிடும்போது பேசுங்கள். தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

பேச்சுரிமையிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. ஒரு பையன் ஒரு முறை மிகுந்த கோபத்தோடு எழுதி வந்தான்: அவன் போட்ட வீடியோவை இன்ஸ்டாகிராம் நீக்கிவிட்டது, இது முதல் திருத்தத்தை மீறுகிறது என்று. அந்தத் திருத்தத்தின் முதல் சொல்லைச் சத்தமாக வாசி என்றேன். "காங்கிரஸ்" என்று வாசித்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது. காங்கிரஸ் இன்னின்ன சட்டம் இயற்றக் கூடாது என்றுதான் அது தொடங்குகிறது. பிறகு 14-ஆவது திருத்தத்தின் வழியாக மாநில அரசுகள், அரசுப் பள்ளிகள், காவல்துறை என்று எல்லா அரசு அமைப்புகளுக்கும் அது விரிந்தது. தனியார் நிறுவனத்துக்கு விரியவில்லை. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு டிங்கர் வழக்கு உதவாது என்பதும் இதனால்தான்.

இதை வைத்துக்கொண்டு 2025 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் தன் இரவு நிகழ்ச்சியில் பேசியது சர்ச்சையானதும், அந்த நிகழ்ச்சியை ஏபிசி தொலைக்காட்சி செப்டம்பர் 17 அன்று நிறுத்தி வைத்தது. ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. நிறுத்தியது தனியார் நிறுவனம் என்று பார்த்தால் அரசியலமைப்புக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் அதே நாளில், ஒளிபரப்பு உரிமங்களைக் கையில் வைத்திருக்கும் எஃப்சிசி ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், நிறுவனங்கள் தாங்களே ஏதாவது செய்யாவிட்டால் ஆணையம் செய்ய வேண்டியிருக்கும் என்ற தொனியில் பேட்டி கொடுத்திருந்தார். இப்போது கேள்வி மாறுகிறது. நிறுவனம் தானே எடுத்த முடிவா, அரசு மிரட்டி எடுக்க வைத்த முடிவா? இதற்கு ஏற்கெனவே அளவுகோல் இருக்கிறது. நியூயார்க்கில் மாநில அதிகாரி ஒருவர் காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கி, தேசியத் துப்பாக்கிச் சங்கத்தோடு உறவை வெட்டச் செய்தார் என்ற வழக்கில், தான் நேராகத் தடுக்க முடியாத பேச்சை அடுத்தவர் கையால் அரசு நெரிக்கக் கூடாது என்று 2024 மே 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். எழுதியவர் சோட்டோமேயர், வென்றது துப்பாக்கிச் சங்கம். இந்த இரண்டையும் அருகருகே வைத்து மகள் எழுதினால், எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று பார்க்காமல் சட்டத்தை எழுதியிருக்கிறாள் என்று ஆசிரியருக்குப் புரியும்.

பணம் பற்றிய செய்திகளைப் பிள்ளைகள் சலிப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ அதிபருக்கும் காங்கிரஸுக்கும் இடையிலான எல்லைக்கோடு அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள், மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. அதுவரை இல்லாத நீளம். சம்பளம் இல்லாமல் வேலை செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் தளர்ந்து போக, 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள். காரணம் அரசியலமைப்பின் முதல் பிரிவு, 9-ஆம் பகுதியில் ஒரு வரி: சட்டத்தால் ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது. அதிபருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் பெட்டியின் சாவி காங்கிரஸிடம்.

காங்கிரஸின் மேலவையான செனட்டில், பணம் ஒதுக்கும் மசோதாவுக்கு 60 ஓட்டு தேவைப்பட்டது என்பதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்த 60 அரசியலமைப்பில் எங்கேயும் இல்லை. செனட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. மகளை அச்செடுத்த காகிதத்தில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. அந்தத் தேடலே ஒரு நல்ல பாடம்.

அந்த 43 நாளும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மட்டும் சம்பளம் எப்படி வந்தது என்று பலரும் கோபப்பட்டார்கள். அவர்களுக்குக் கருவூலத்திலிருந்து சம்பளம் தர வேண்டும் என்று முதல் பிரிவே சொல்கிறது. ஒரு தேர்தல் முடியும்வரை அந்தச் சம்பளத்தை மாற்றும் சட்டம் நடைமுறைக்கு வரக் கூடாது என்கிறது 27-ஆவது திருத்தம். இந்தத் திருத்தத்தின் கதையை எந்த மாணவரிடமும் சொல்லாமல் விடமாட்டேன். 1789-இல் முன்மொழியப்பட்டுப் போதிய மாநிலங்கள் ஏற்காமல் கிடப்பில் கிடந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை, இன்றும் மாநிலங்கள் ஏற்கலாம் என்று ஒரு வகுப்புக் கட்டுரை எழுதினார். கிடைத்த மதிப்பெண் சி. அவர் விடவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1992-இல், 202 வருடம் கழித்து, அது அரசியலமைப்பின் பகுதியானது. 2017-இல் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணை ஏ என்று திருத்திக் கொடுத்தது. கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்த பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இறக்குமதி வரி வழக்கும் இதே வரிசைதான். வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று முதல் பிரிவு, 8-ஆம் பகுதி தெளிவாகச் சொல்கிறது. 1977-ஆம் ஆண்டின் ஒரு நெருக்கடிகாலச் சட்டத்தைக் காட்டி 2025-இல் அதிபர் உலக நாடுகள் மேல் வரி விதித்தார். அந்தச் சட்டத்தில் இறக்குமதியை "ஒழுங்குபடுத்தலாம்" என்று இருக்கிறது. வரி என்ற சொல் இல்லை. கல்விப் பொம்மைகள் செய்யும் ஒரு இல்லினாய்ஸ் நிறுவனம் உட்படச் சிலர் வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது, இதை எழுதும்போது தீர்ப்பு வரவில்லை. இதோடு 2023 ஜூன் 30-ஆம் தேதித் தீர்ப்பை மகள் சேர்த்துப் படிக்கட்டும். அதிபர் பைடன் சுமார் 43,000 கோடி டாலர் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்றபோது, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த "விலக்கலாம் அல்லது மாற்றலாம்" என்ற சொற்கள் அவ்வளவு பெரிய காரியத்தைத் தாங்காது என்று 6-க்கு 3 என்று ரத்து செய்தார்கள். ஒன்றில் "ஒழுங்குபடுத்த", இன்னொன்றில் "மாற்ற". ஒரு சின்ன வினைச்சொல் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதுதான் இரண்டிலும் கேள்வி. கல்விக் கடன் தள்ளுபடி நல்லது, வரி கெட்டது என்றோ, மாற்றியோ ஒரு பிள்ளை நினைக்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்க வேண்டும்.

நீங்கள் தமிழ்நாட்டில் படித்தவர் என்றதால் ஒன்று சொல்கிறேன். நமக்கு மாநிலம் என்றால் மனதில் வரும் படம் வேறு. இந்தியாவில் நாடாளுமன்றம் நினைத்தால் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம். ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட பிறகும் 2014-இல் தெலங்கானா உருவானது. இங்கே அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அது முடியாது. மாநிலத்துக்கென்று தனி அரசியலமைப்பு, தனி உச்ச நீதிமன்றம், தனிக் குற்றவியல் சட்டம். நியூஜெர்சியில் கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது, மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கூட்டாட்சி பற்றி எழுத வேண்டிய வாரத்துக்கு இது கைவசம் இருக்கட்டும்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏபி தேர்வின் எழுத்துப் பகுதியில் மூன்றாவது கேள்வி, பாடத்தில் இல்லாத ஒரு வழக்கைச் சுருக்கமாகக் கொடுத்து, பாடத்தில் கட்டாயமான ஒரு வழக்கோடு ஒப்பிடச் சொல்லும். டிங்கரும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது. வாராவாரம் எழுதும் பக்கம் உண்மையில் இதற்கான பயிற்சி. ஆகவே பக்கத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: என்ன நடந்தது என்று மூன்று வரி, கேள்வி எது என்று ஒரு வரி, அரசியலமைப்பின் சொற்கள், மேற்கோளாக, பழைய வழக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒற்றுமை எங்கே, வித்தியாசம் எங்கே. பி.எல். வழக்குக்கு அந்த ஒரு வரி இப்படி இருக்கலாம்: "பள்ளி நேரத்துக்கும் வளாகத்துக்கும் வெளியே மாணவர் பேசியதற்கு அரசுப் பள்ளி தண்டனை தருவதை முதல் திருத்தம் எப்போது தடுக்கிறது?" நியாயம் பற்றிய மகளின் கருத்து கடைசி இரண்டு வரியில் வரட்டும். அதை ஆசிரியர் தடுக்கமாட்டார். முதல் வரியில் வருவதைத்தான் தடுக்கிறார்.

தீர்ப்புகளை நேராகப் படிக்கப் பயப்பட வேண்டாம். உச்ச நீதிமன்றத் தளத்தில் எல்லாம் இலவசம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் முன்னால் சில பக்கச் சுருக்கம் இருக்கும். அது நீதிபதிகள் எழுதியதில்லை, ஆனால் கேள்வி எது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிறகு பெரும்பான்மைத் தீர்ப்பின் முதல் இரண்டு பக்கம், அப்புறம் மாறுபட்ட தீர்ப்பின் முதல் பக்கம். இவ்வளவு போதும். வாதங்களின் ஒலிப்பதிவும் அங்கேயே கிடைக்கிறது. இறக்குமதி வரி வாதம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். காரில் நீச்சல் வகுப்புக்குப் போய் வரும்போது துண்டு துண்டாகக் கேட்கலாம்.

முடியாத வழக்குகள் நல்லது என்று முன்பு சொன்னேன் அல்லவா? இதை எழுதும் 2025 டிசம்பரில் வரி வழக்கும் குடியுரிமை வழக்கும் இன்னும் திறந்திருக்கின்றன. குடியுரிமை வழக்கின் தீர்ப்பு வழக்கம்போல 2026 ஜூன் கடைசிக்குள்ளோ ஜூலை தொடக்கத்திலோ வந்துவிட வேண்டும். இப்போதே மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தீர்ப்பு எழுதட்டும்: எந்தச் சொல், எந்தப் பழைய வழக்கு, எத்தனைக்கு எத்தனை ஓட்டு. தேதி போட்டு உறையில் ஒட்டி ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். நீங்களும் ஒன்று தமிழில் எழுதி வையுங்கள். தீர்ப்பு வரும் அன்று காலை இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.